சும்மாட்டில் வந்த நாற்று

அந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வாசல் இரண்டு. கார் போய்வருகிற பெரிய வாசல் ஒன்று. பின்கோடியில், இரட்டைக் கம்பிவேலிக்குள் இருந்த கத்தரி வயலுக்கென்றே வைத்த சின்ன வாசல் இன்னொன்று. சின்ன வாசலில் பெண்களைச் சோதித்து வெளியே அனுப்புகிற வேலைக்காரிக்குச் சல்லடை என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது பண்ணையின் பதிவேட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வருகிற ஒவ்வொருத்தியையும் அவள் நிறுத்துவாள். செருப்படியில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டச் சொல்வாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வாள். மடியை உதறு, கொண்டையை அவிழ் என்பாள். நடவுப் பெண்கள் முணுமுணுப்பார்கள். "கட்டிக்கிட்டவன்கூட இவ்வளவு அக்கறையா என்னைப் பார்த்ததில்லை" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரிக்கும். சல்லடையும் சிரிப்பாள். ஆனால் கை மட்டும் தன் வேலையை விடாது. ஒரு இலைத் துணுக்குகூட அவளைத் தாண்டிப் போனதில்லை என்று மேலதிகாரிகளே மெச்சிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ஆளை மட்டும் அவள் தொட்டுப் பார்க்கமாட்டாள். அது அவளுடைய மாமியார்.

நடவுக் கூட்டத்துக்கு மாமியார்தான் தலைவி. மருமகளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பிரசவத்தில் தனக்கு வெந்நீர் ஊற்றிய மனுஷியை, எதிரே பார்த்தாலே தான் எழுந்து நிற்கிற ஆளை, நாலு பேர் நடுவில் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்க்க எந்த மருமகளுக்குத் துணிச்சல் வரும்? மாமியாரும் அவளைச் சங்கடத்தில் விடமாட்டார். எல்லாரும் போன பிறகு கடைசியாக வருவார். டப்பாவைத் தானே திறந்து காட்டுவார். "பார்த்துக்கம்மா" என்பார். அவள் பார்த்த மாதிரி தலையை ஆட்டுவாள். அவர் நடந்து போய்விடுவார், தலையில் சும்மாட்டோடு. நாள் முழுக்கத் தண்ணீர்க் குடமும் மண்கூடையும் சுமக்கிறவர்களுக்குத் தலையில் சுருட்டி வைத்த அந்தத் துணி இருப்பதே மறந்துபோகும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதுபோல.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வேலையில் சேர்ந்த அன்றே பெண்கள் கேட்டார்கள். வயலுக்குப் பொறுப்பான மேடம் வயதில் சின்னவர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். இது புதுசாகச் செய்த கத்தரி என்றார். மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரின் குணத்தை எடுத்து இந்தச் செடிக்குள் வைத்திருக்கிறோம், காயைத் துளைக்கிற புழு இதைக் கடித்தால் செத்துவிடும், மருந்து அடிக்கிற வேலை மிச்சம் என்றார். அப்படியானால் மனுஷர் தின்றால் என்ன ஆகும் என்று மாமியார்தான் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறோம்" என்றார் மேடம். "ஆனா நினைக்கிறது வேற, தெரியறது வேற. தெரியற வரைக்கும் ஒரு இலை வெளியில போகக்கூடாது. அதுக்குத்தான் இந்த வேலி."

பூ விடுகிற காலம் வந்தால் ஒவ்வொரு பூவுக்கும் துணிப்பை கட்ட வேண்டும், தேனீ வந்து மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடாமல். பறித்த காயை எண்ணி எரிக்க வேண்டும். நட்டது போக மிஞ்சிய நாற்றைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் பெண்கள் தலையாட்டினார்கள். கடைசியாகச் சொன்னதுக்கு மட்டும் யாரும் தலையாட்டவில்லை.

நடவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஞ்சின நாற்றை எறியமாட்டார்கள். ஈரத்துணியில் சுற்றி அடுத்த வயலுக்குக் கொடுப்பார்கள். அங்கேயும் இடமில்லாவிட்டால் வழியில் போகிறவரைக் கூப்பிட்டுக் கையில் திணிப்பார்கள். வேர் வெள்ளையாக இருக்கிற வரைக்கும் அது பிள்ளை, அதைக் குப்பையில் போடுகிறவள் கையில் அடுத்த நடவு பிடிக்காது என்பது அவர்கள் பேச்சு. அப்படிப்பட்ட கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் குழிக்கு அனுப்பினார்கள். நாற்றுக் கூடையைச் சுமந்துகொண்டு போனவர் மாமியார். போன காரியத்தை முடித்து, சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டு, எப்போதும் போலக் கடைசியாக வாசலுக்கு வந்தார். டப்பாவைத் திறந்து காட்டினார். சும்மாடு அன்றைக்குச் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. தண்ணீர் சுமந்த தலை ஈரமாகத்தானே இருக்கும்.

வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னக் கத்தரிப் பாத்தி முளைத்தது. சந்தையில் வாங்கினேன் என்றார் மாமியார். சல்லடைக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. மாமியார் கை பட்டால் விளக்குமாற்றுக் குச்சியும் துளிர்க்கும். செடி தளதளவென்று வந்தது, பூத்தது, காய்த்தது. அந்த வருஷம் புழுத் தொல்லை தலைவிரித்தாடியது. தெருவில் எந்த வீட்டில் காயை நறுக்கினாலும் உள்ளே ஒரு சுரங்கமும் அதன் முடிவில் ஒரு குடித்தனமும் இருக்கும். இந்த வீட்டுக் காயில் ஊசி முனை அளவு ஓட்டை இல்லை. லாரி ஓட்டப் போய் வாரக் கடைசியில் வீடு திரும்புகிற புருஷன், காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவைக் கண்டா புழுவுக்கும் பயம்" என்றான். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்து வயது மகள், அவளை எல்லாரும் குட்டி என்றே கூப்பிடுவார்கள், அதுவரை கத்தரிக்காய் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறவள். பாட்டி வட்ட வட்டமாக நறுக்கி எண்ணெயில் வாட்டிக் கொடுத்ததும் அதுவே சாப்பாடாகிவிட்டது. தட்டில் வேறு எது வைத்தாலும் ஒதுக்கினாள்.

ஒரு விடியலில் சல்லடை காய் பறிக்கக் குனிந்தாள். இளந்தளிர் ஒன்றின் நுனியில் புழு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கறுத்து, சுருங்கி, எரிந்த நூல்திரி மாதிரி. பக்கத்துக் கிளையில் இன்னொன்று. அவள் அப்படியே நின்றாள். வேலிக்குள்ளே மேடத்தின் ஆட்கள் தினமும் இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போடுகிறது இதைத்தான். அதே கறுப்பு, அதே சுருக்கம்.

மாமியார் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இந்த நாத்து எங்க வாங்கினீங்க?"

"சந்தையிலன்னு சொன்னேனே."

"யார்கிட்ட?"

"வாசல்ல நின்னு நின்னு உனக்கு வீட்டுலயும் சோதனை போடற பழக்கம் வந்துடுச்சு."

சல்லடை அங்கிருந்து நகரவில்லை. மாமியார் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார், வைத்தார்.

"ஒரு பிடி எடுத்துச் சும்மாட்டுல சுத்திக்கிட்டேன்" என்றார். "அத்தனையும் வேரோட, வெள்ளை வேரோட இருந்துச்சு. அதைப் போட்டு மூடுன்னா எப்படி மூடறது? மீதியை மூடினதுக்கே ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ என்னைப் பிடிச்சிருக்கணும், இல்ல விட்டிருக்கணும். எதைச் செஞ்சிருந்தாலும் உனக்குத்தான் பாவம். அதனாலதான் சொல்லல."

அதற்கு மேல் என்ன கேட்பது? வெளியே தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். அதைவிட, நடவுக் கூட்டமே கை கட்டி நிற்கிற மனுஷியைத் திருடி என்று சொல்லிவிடுவார்கள். சல்லடை வாயை மூடிக்கொண்டாள். செடிகளைத் தினம் ஒன்றாகப் பிடுங்கி, வாடிப்போனது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டாள். பிடுங்கப் போனால் செடி நிறையக் காய். பிள்ளையோ பின்னால் வந்து தட்டோடு நின்றாள். புழுவுக்கு வைத்த விஷம் புழுவோடு போகும், மேடமே ஒன்றும் ஆகாது என்றுதானே நினைக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நினைப்பதற்கும் தெரிவதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

பிறகொரு காலை குட்டி எழுந்து வந்தபோது உதடு இரண்டும் தடித்திருந்தன. கழுத்திலும் காதின் பின்புறமும் சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள். சொறிந்து சொறிந்து அழுதாள்.

மருத்துவமனைக்கு மூவரும் போனார்கள். புதிதாக என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். மாமியார் சுவரைப் பார்த்தார். கத்தரிக்காய் என்று சல்லடை சொன்னாள். டாக்டருக்கு அது அதிசயமாகப் படவில்லை. கத்தரி நிறையப் பேருக்கு அரிக்கும், கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள் என்று மருந்து எழுதினார். அந்த வார்த்தையைக் கேட்டு மாமியார் வெளியே வந்ததும் மூச்சு விட்டார். ஊரில் யாருக்கும் வருகிற அரிப்புதான் என்றார். சாயங்காலத்துக்குள் வீக்கமும் வடிந்தது.

கத்தரிக்காய் அந்த வீட்டுப் படி ஏறுவதே நின்றது. நின்ற பிறகும், ஒரு நாள் மத்தியானம், குட்டிக்குத் திரும்ப உதடு தடித்தது.

இந்த முறை டாக்டர், தூசியாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம், பூச்சிக்கடியாக இருக்கலாம், முன்பு சாப்பிட்டதன் மிச்சமாகவும் இருக்கலாம் என்றார். எதாலும் இருக்கலாம் என்ற அந்தப் பேச்சு சல்லடையைக் கலக்கிவிட்டது. எதாலும் என்றால் அதாலும்தானே. டாக்டரிடம் எந்தக் கத்தரி என்று சொல்லவில்லை. சொல்லாத வரை அவரும் இருட்டில்தான் துழாவுவார். பிள்ளை மடியில் கிடந்து அவள் கையையே எடுத்துத் தன் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சல்லடைக்கு வேலையும் மானமும் அந்த நிமிஷத்தில் தூசாகத் தெரிந்தன.

மறுநாள் வாசலுக்குப் போகாமல் நேரே மேடத்தின் அறைக்குப் போனாள். மேஜை முழுக்கப் புட்டிகள், ஒவ்வொன்றிலும் கறுத்த புழு.

"மேடம், உள்ள இருக்கிற காயைத் தின்னா குழந்தைக்கு உதடு வீங்குமா?"

மேடம் தலையைத் தூக்கினார். "யாரு தின்னா?"

"எம் பொண்ணு."

சல்லடை நடந்ததைச் சொன்னாள். சும்மாட்டைச் சொல்லும்போது குரல் இறங்கியது, ஆனாலும் சொன்னாள். மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். மேடம் திட்டவில்லை. முகத்தில் ரத்தம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றியதாக இல்லை.

"பூத்துடுச்சா?"

"காயே காய்ச்சுதே மேடம்."

"பூவுக்குப் பை கட்டினீங்களா?"

கொல்லைக் கத்தரிக்கு யார் பை கட்டுவார்கள்? சல்லடை தலையைக் குனிந்துகொண்டாள். தன் கேள்வியை இன்னொரு தரம் கேட்டாள்.

"முயலுக்குக் குடுத்துப் பார்த்தோம், ஒண்ணும் ஆகல" என்றார் மேடம், மெதுவாக. "குழந்தைங்களுக்கு யாரும் குடுத்துப் பார்த்ததில்லை. உங்க பொண்ணுக்கு வந்தது இதாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதால இல்லைன்னும் சொல்ல முடியாது. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசில்லை."

டாக்டருக்குத் தானே விவரம் சொல்வதாக மேடம் சொன்னார். அன்றைக்கே வண்டி வந்தது. கையுறையும் முகமூடியும் போட்டவர்கள் இறங்கிக் கொல்லைக்குப் போனார்கள். செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினார்கள். விழுந்த இலையைப் பொறுக்கினார்கள். பாத்தி மண்ணைக்கூட வெட்டி அள்ளினார்கள். தெருவே வாசலில் கூடிவிட்டது. மாமியார் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அவர்கள் பிடுங்குகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருக்காவது நாற்று கொடுத்தீர்களா என்று மேடம் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டார்.

சொன்ன வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில் மேலே தலையை நீட்டினாள். "ஐயையோ, நம்ம கத்தரியை ஏன் பிடுங்கறீங்க? எங்க வீட்டுது இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்றாள், பாவம், உதவி செய்கிற நினைப்பில்.

மேடம் மதிலுக்குப் போனார். தையல்காரம்மா கேட்டதுக்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொன்னாள். நாற்று மாமியார் கொடுத்ததுதான். புழு தொடாத நல்ல சாதி என்பதால் இரண்டு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்தாள். தங்கைக்குக் கொஞ்சம் கொடுத்தாள். சட்டை தைக்க வந்த பேருந்து நடத்துநருக்குக் கொஞ்சம், அவர் ஊரில் தோட்டம் பெரிசு. தங்கையின் நாத்தனார் வந்தபோது தங்கை பங்கில் பாதியை வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. அந்த நாத்தனார் எந்த ஊர் என்று மேடம் கேட்டார். அது தெரியவில்லை. நல்ல பொருளை நாலு பேருக்குக் கொடுக்கிறது தப்பா என்று தையல்காரம்மா கேட்டாள். சல்லடை மாமியாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

போகிற வழியில் மேடம் தெருக்கோடி வாய்க்காலோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். அங்கே முள்ளுக்கத்தரி புதர் புதராக மண்டிக் கிடந்தது. யாரும் விதைக்காதது, யாரும் பறிக்காதது. கோலிக்குண்டு மாதிரி மஞ்சள் பழங்கள். சல்லடையும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருந்தாள்.

"இந்தப் பூவுக்குத் தேனீ வருமா?" என்று மேடம் கேட்டார்.

"பூன்னா தேனீ வராம இருக்குமா மேடம்."

கொல்லையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் உள்ள தூரத்தை மேடம் கண்ணாலேயே அளந்தார். தேனீக்கு அது ஒரு தாவு. மேடம் பழங்களைப் பறித்துப் பையில் போட்டார். முள்ளுக்குள் கை எட்டாத இடத்திலும் பழம் இருந்தது, தண்ணீரில் விழுந்து மிதந்துபோனதும் இருந்தது. கொல்லைக் கத்தரியின் மகரந்தம் இதில் கலந்திருக்குமா என்று சல்லடை கேட்டாள். விதை முளைத்து, செடியாகி, அதைப் புழு கடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கலந்திருந்தால், புழு தின்று அடக்க முடியாத முள்ளுச்செடி எங்கெல்லாம் போகும், எதையெல்லாம் மூடும் என்பதை அவர் சொல்லவில்லை. மழை எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். அந்த வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று சல்லடை யோசித்தாள். தெரியவில்லை. வானத்தைப் பார்த்து மழை வேண்டாம் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

வேலை போனது, இரண்டு பேருக்கும். அதைப் பற்றி மாமியார் ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்பார், கேட்டால் பிள்ளைக்காக என்று சொல்லலாம் என்று சல்லடை பதிலை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். கேட்கவில்லை. வீட்டை அதட்டி நடத்திய குரல் அடங்கிவிட்டது. பேத்திக்கு ஒரு பிஸ்கட் எடுத்தால்கூட மருமகள் முகத்தைப் பார்த்து, "இதைக் குடுக்கலாமா?" என்று கேட்டார். சல்லடை அவசரமாகத் தலையாட்டுவாள். குடுங்க அத்தை என்பாள். கொடுத்துவிட்டு, பிள்ளை தின்று முடிக்கும் வரைக்கும் இருவரும் அவள் உதட்டையே பார்ப்பார்கள்.

குட்டிக்கு அதற்குப் பிறகு வீக்கம் வரவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை என்றார்கள். வாரத்துக்கு ஒரு தரம் மேடம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். நல்ல மனசுக்காரர், வரும்போது பொம்மையோ வண்ணப் பென்சிலோ வாங்கி வருவார். கையில் ஒரு சின்னத் தராசும் அளவு நாடாவும் இருக்கும். குட்டிக்குக் கொண்டாட்டம். தானே ஓடிவந்து தராசில் ஏறி நிற்பாள், வாயைத் திறந்து நாக்கை நீட்டுவாள், காதை மடக்கிக் காட்டுவாள். மேடம் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார். தூங்கினாளா, வெளிக்குப் போனாளா, பல் விழுந்ததா என்று கேட்பார்.

ஒரு நாள் சல்லடை கேட்டேவிட்டாள். "இன்னும் எவ்வளவு நாளைக்கு மேடம் பார்ப்பீங்க?"

மேடம் நாடாவைச் சுருட்டினார். "பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"எது வரைக்கும்?"

"அவ பெரியவளாகற வரைக்கும். அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிற வரைக்கும்னு வச்சுக்குங்களேன். எதை எதிர்பார்க்கணும்னே எங்களுக்குத் தெரியாது. ஒண்ணும் வராமலே போகலாம். அதிகமா அதுக்குத்தான் வாய்ப்பு. ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா மட்டும் உடனே சொல்லுங்க."

"வித்தியாசம்னா?"

மேடம் பேனாவை எடுத்தார். தராசிலிருந்து இறங்கிய குட்டி இடது காதின் பின்புறம் பரக் பரக் என்று இரண்டு முறை சொறிந்தாள். எறும்பாக இருக்கலாம். வேர்வையாக இருக்கலாம். சொறிந்ததை மறந்து, வாசலில் போன பூனையைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

மேடத்தின் பேனா தாளுக்கு மேலே நின்றுவிட்டது. அடுப்படியிலிருந்து மாமியார் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வெயிலில் ஓடுகிற பிள்ளையின் கை திரும்பவும் காதுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.